தொண்ணூற்றாறு தசம் நான்கு

காலையிலிருந்து அந்த எண் அசையவில்லை.

96.4. நான் விசையைத் தட்டினேன். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. மறுபடியும் 96.4.

“இன்னொருக்காத் தட்டு மகள்,” என்றார் மீராசாஹிப் போடியார். நனைந்த சாரனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கதவுக்கும் மேசைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ஏறாவூர்க்காரர். விளாவடி வட்டை என்கிற வயல்வெளியில் வயல் செய்கிற எங்கள் எல்லாருக்கும் அவர்தான் தலைவர்.

தட்டினேன். 96.4.

“நான்தான் சொல்றனே, ஏறல்ல எண்டு,” என்றார் கதவோரக் கதிரையில் இருந்த கண்ணகை மாமி. மீனவர் சங்கத்தின் செயலாளர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு கதைப்பார். “தட்டித் தட்டி அந்தப் பெட்டிதான் உடையப்போகுது போடியார்.”

“வட்டைக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்கி. அது எங்கயிருந்து வந்த?”

“மேல இருந்து. நேத்து முழுக்கக் கொட்டினதை நீங்க காணல்லையா? அது மழைத் தண்ணி. வாவித் தண்ணியில்ல.”

“மழைத் தண்ணி வடியாம நிக்கெண்டா, வாவி வாங்குதில்ல எண்டுதானேகா அர்த்தம்?”

“அதை அந்தப் பெட்டி சொல்லட்டும். நானா வேணாமெண்டன்?”

பெட்டி சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த எனக்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. என் கணவர் நிதுர்ஷன் குத்தகைக்குச் செய்கிற வயல் விளாவடி வட்டையின் அடியில், வாவியை ஒட்டிக் கிடக்கிறது. முதலில் தண்ணீர் ஏறுவதும் கடைசியாக வடிவதும் அங்கேதான். நெல் குடலைப் பருவம். கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் சுருண்டு கிடக்கும் நேரம். இந்த நேரத்தில் பயிர் இரண்டு நாள் தலை மூழ்கினால் உள்ளேயே கதிர் அழுகிவிடும். முதல் நாள் முடிந்துகொண்டிருந்தது.

வயல்காரரும் மீன்காரரும் சேர்ந்த இந்தக் கூட்டுக்குழு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரி காலத்தில் வாவி நிரம்பும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும், வயல் தப்பும். ஆனால் தண்ணீரோடு வளராத இறாலும் ஓடிவிடும். அதனால் வயல்காரர் ‘இன்றே வெட்டு’ என்பார்கள், மீன்காரர் ‘பொறு’ என்பார்கள். முன்பெல்லாம் வாவிக்குள் ஒரு அளவுகோல் நட்டிருந்தது. அதை ஒருவர் பிடுங்கி ஆழத்தில் நட்டார் என்று மற்றவர் சொன்னார். மற்றவர் பிடுங்கிக் கரையில் நட்டார் என்று இவர் சொன்னார். ஒரு வருடம் அந்தக் கோல் இரவோடு இரவாகக் காணாமலே போனது.

அதன் பிறகுதான் ஒரு தொண்டு நிறுவனம் வாவிக்குள் கொங்கிறீற்றுத் தூண் கட்டி, அதில் நீர்மட்டம் அளக்கும் கருவியைப் பூட்டியது. கால்மணிக்கு ஒரு தரம் அது அளவை அனுப்பும். அளவுகள் எல்லாம் தரவுத்தளத்தில் சேரும். அங்கே கேள்வி கேட்டுப் பதில் எடுக்கிற வேலை எனக்கு. தன்னாமுனைப் பொதுமண்டபத்தின் பின்னறை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி.

கருவி வந்தும் சண்டை ஓயவில்லை. வயல்காரர் ‘இன்றைக்கு ஆகக்கூடிய அளவு என்ன’ என்று கேட்கச் சொன்னார்கள். மீன்காரர் ‘மூன்று நாள் சராசரி என்ன’ என்று கேட்கச் சொன்னார்கள். இரண்டு பதிலும் சரி, இரண்டும் வேறு. கதிரைகள் பறந்தன. கடைசியில் எல்லாருமாகக் கூடி ஒரேயொரு கேள்வியை முடிவுசெய்தார்கள்: கடைசியாக வந்த அளவு என்ன? அவ்வளவுதான். கணினிக்குக் கொடுக்கிற அதன் வரியை அம்மன் கோயில் முன்றலில் ஒரு தரமும் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு தரமும் நான் உரத்து வாசித்தேன். அதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றக்கூடாது என்று இரு பக்கத்தாரும் கையெழுத்து வைத்தார்கள். அளவு நூற்றுப்பத்து சென்ரிமீற்றரைத் தொட்டால், இருவரும் ஒரே அறையில் இருந்து பார்த்து ஒப்பமிட, மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் முகத்துவாரத்துக்குப் போகும். தொடாவிட்டால் போகாது. கண்ணால் கண்டேன், காலால் அளந்தேன் என்ற கதைக்கெல்லாம் இடமில்லை.

நல்ல ஒப்பந்தம்தான். அந்தக் கேள்வியை எல்லாரும் தங்கள் தங்கள் போனிலும் வைத்துக்கொண்டார்கள். அழுத்தினால் போதும்.

போன் அடித்தது. நிதுர்ஷன்.

“சுலோ, என்ன சொல்லுது?”

“அதேதான்.”

“அதேயா? கீழ் வரம்பு தெரியல்ல இப்ப. நான் நிக்கிற இடம் வரம்பா வயலா எண்டே விளங்கல்ல. பொய் சொல்லுதா அது?”

“கத்தாதீங்க. பாக்கிறன்.”

போனை வைத்துவிட்டு எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பழக்கத்தில் விசையைத் தட்டினேன். அப்போதுதான் அந்த நான்கு என் கண்ணில் குத்தியது. தசத்துக்குப் பின்னால் நிற்கும் நான்கு. மூன்று வருடமாக இந்த அளவைப் பார்க்கிறேன். காற்றே இல்லாத சித்திரை வெயிலில்கூட அந்தக் கடைசி இலக்கம் ஒரு நாளும் சும்மா நின்றதில்லை. தோணி ஒன்று பக்கத்தால் போனால் அசையும். நேற்றுக் காலை 96.4. நேற்று மாலை 96.4. இத்தனை மழை, இத்தனை காற்று, இன்று மத்தியானமும் 96.4.

“கருவி செத்துப்போச்சுப் போல,” என்றேன்.

மீராசாஹிப் நடையை நிறுத்தினார். “அல்லாவே! செத்துதா?”

“செத்தா செத்ததாவே இருக்கட்டும்,” என்றார் கண்ணகை மாமி. “செத்ததுட பேச்சைக் கேட்டு ஆரும் மண் வெட்டுறல்ல.”

கருவியைப் பூட்டியவன் ஷாமில். இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கணினி வேலை. அவனுக்கு அழைத்தேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

“அக்கா, கருவி நல்லாத்தான் இரிக்கி,” என்றான் அவன். “சிம் கணக்கில பாக்கிறன், கால்மணிக்கொருக்கா அனுப்பிக்கிட்டுத்தான் இரிக்கி. தரவுத்தளத்துக்குப் போய்ச் சேருது.”

“அப்ப ஏன் எனக்குப் பழசு வருது?”

“நீங்க கேக்கிற கேள்வி தரவுத்தளம் வரைக்கும் போகல்ல அக்கா. நடுவில ஒண்டு இரிக்கி. ஒருக்காக் கேட்ட கேள்விட பதிலை ஞாபகம் வெச்சிரிக்கும். அதே கேள்வியத் திரும்பக் கேட்டா, உள்ள போய்ப் பாக்காம அந்தப் பதிலையே தூக்கித் தரும். செலவு மிச்சம் எண்டு நிறுவனத்துட கொழும்புக்காரங்க இந்த வருசம்தான் போட்டுவெச்ச.”

“எவ்வளவு நேரத்துக்கு ஞாபகம்?”

“அரை நாள். ஆனா…” அவன் இழுத்தான். “ஆரும் கேக்காம அரை நாள் இரிந்தாத்தான் மறக்கும். கேக்கக் கேக்க அந்த அரை நாள் புதுசாத் தொடங்கும்.”

தட்டிக்கொண்டிருந்த விரலை விசையிலிருந்து எடுத்தேன்.

மற்ற நாட்களில் காலையில் ஒரு தரம் கேட்டு, பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவேன். மறுநாள் கேட்கிறபோது அது மறந்திருக்கும். புதிதாகப் போய்ப் பார்த்துவந்து சொல்லும். நேற்று மழை தொடங்கியதும் வட்டை முழுக்க, சங்கம் முழுக்க, ஒவ்வொருவரும் தங்கள் போனில் தட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இரவிலும் ஓய்ந்திருக்க மாட்டார்கள். நாங்கள் பதறிப் பதறிக் கேட்டதுதான் நேற்றைய பதிலைச் சாகவிடாமல் வைத்திருந்தது.

“அப்ப எல்லாருமா வாயைப் பொத்திக்கிட்டு அரை நாள் இருந்தாச் சரிதானே,” என்றார் கண்ணகை மாமி.

“அரை நாளா?” மீராசாஹிப் கையை விரித்தார். “அதுக்குள்ள நெல்லை மீன் திண்டுரும். டேய் ஷாமில், உள்ள போய் அதை அழிச்சிவிடேன்டா.”

“எனக்கிட்ட இப்ப கடவுச்சொல் இல்ல மாமா. கொழும்பிலதான். இண்டைக்குப் போயா லீவு, ஆரும் போன் எடுக்கிறானுகள் இல்ல. நான் ரெண்டு பேருக்கு அடிச்சிப் பாத்துட்டன்.” பிறகு சொன்னான், “அதுக்குள்ள சுலோஜனா அக்கா ஒரு வேலை செய்யலாம். கேள்வியக் கொஞ்சம் மாத்திக் கேளுங்க. அர்த்தம் மாறவேணாம். கடைசில சும்மா ஒரு நிபந்தனை சேருங்க, ஒண்டு ஒண்டுக்குச் சமனா இரிந்தா எண்டு. அது எப்பவும் சரிதானே. பதிலுக்கு ஒண்டும் ஆகாது. ஆனா நடுவில நிக்கிறதுக்கு அது புதுக் கேள்வி. உள்ள போய்த்தான் ஆகணும்.”

என் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது.

“கையை எடு புள்ள,” என்றார் கண்ணகை மாமி.

எடுத்தேன்.

அவர் எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இனிக் கதைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

“போன்ல கதைச்சவன் ஆரு?”

“ஷாமில்.”

“போடியாருக்கு என்ன முறை?”

“தங்கச்சிட மகன்தான்,” என்றார் மீராசாஹிப். “அதுக்கென்ன?”

“அதுக்கொண்டுமில்ல. மருமகன் சொல்றான், கேள்விய மாத்து எண்டு. இந்தப் புள்ளட புருசன்ட வயல் அங்க மூழ்கிக் கிடக்கு. இவ மாத்துறா. நான் வாயைப் பாத்துக்கிட்டு ஒப்பம் வெக்கிறன். நல்லாத்தானே இருக்கு! மறுகா நான் எங்கட பொடியனுகள்ற முகத்தில எப்பிடி முழிக்கிற? ஒரு எழுத்தும் மாத்துறல்ல எண்டு அம்மனுக்கு முன்னால வாசிச்சது நீதானே?”

“மாமி, ஒண்டு ஒண்டுக்குச் சமன் எண்டு போட்டா அதில என்ன களவு இருக்கேலும்?”

“ஒண்டு ஒண்டுக்குச் சமன்தான். அதை ஆர் இல்லையெண்டது? சமன் எண்டா அதை ஏன் சொல்லணும்? நான் நல்லவன் நல்லவன் எண்டு ஒருத்தன் சும்மா வந்து சொன்னா நீ நம்புவியா?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. இந்த ஒப்பந்தம் நிற்பதே ஒருவரை ஒருவர் நம்பத் தேவையில்லை என்பதால்தான். நான் அவருக்குத் தெரியாமல் என் போனில் கேட்டிருக்கலாம். பதில் கிடைத்திருக்கும். அதை யாரும் ஏற்றிருக்கமாட்டார்கள். அடுத்த மாரியில் இந்த அறையும் இருந்திருக்காது.

போன் மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது.

“எடு,” என்றார் கண்ணகை மாமி.

“எடுத்தா அவர் கத்துவார். நான் என்ன சொல்ற?”

அவர் அந்தப் போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது நின்றது.

“எனக்கு விளங்காத ஒண்டை நீ சேர்க்க விடமாட்டன்,” என்றார். “நான் சொல்றதைச் சேர். இலக்கம் எதெண்டாலும் சரிதானே?”

“எதெண்டாலும் சரி. ரெண்டு பக்கமும் ஒரே இலக்கமா இருந்தாச் சரி.”

“அப்ப நாப்பத்தொண்டு. எங்கட சங்கத்துத் தோணி. நாப்பத்தொண்டு நாப்பத்தொண்டுக்குச் சமன்.”

“நில்லுங்ககா,” என்றார் மீராசாஹிப். “அதென்ன உங்கட தோணியக் கணக்கில போட்டுக் கேக்கிற? எனக்கு மட்டும் சந்தேகம் வராதா? அப்ப எங்கட பக்கத்துக்கும் ஒண்டு போடணும்.”

“போடுங்க. ஆர் வேணாமெண்டது? எத்தினை?”

“எழுநூத்தி எண்பத்தாறு.”

“அது என்ன கணக்கு? உங்கட ஏக்கரா?”

“பிஸ்மிட கணக்கு. விளையாடாதங்க.”

“சரி சரி. சாமிக்கணக்கில நான் தலையிடுறல்ல.”

இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க நான் போனபோது கண்ணகை மாமி மறுபடி தடுத்தார். “ஒண்டாக் கலக்காத. என்ட கேள்வி வேற, அவர்ற கேள்வி வேற. தனித்தனியாக் கேள். ரெண்டு வாயும் ஒரே பதில் சொன்னா நான் நம்புறன். வேற வேற சொன்னா எழும்பிப் போயிருவன், சொல்லிட்டன்.”

ஷாமிலோ நானோ யோசித்திராத ஒன்று அது. சேர்த்த இலக்கம் பதிலை மாற்றுகிறதா இல்லையா என்பதை அதைவிட எளிதாகக் காட்ட வழியில்லை.

முதலில் கண்ணகை மாமியின் நாற்பத்தொன்று. அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சுவரில் தொங்கிய ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. எழுத்தின் வடிவத்தைப் பார்த்தார். “இது சரி. இது சரி. இந்தக் கொக்கி?” “அதுவும் அங்க இருக்கு மாமி, பாருங்க.” “ஆ, ஓம்.”

தட்டினேன். வட்டம் சுற்றியது. காலையிலிருந்து சுற்றியதைவிட நீண்ட நேரம் சுற்றியது.

117.8.

மீராசாஹிப் நெஞ்சில் கைவைத்தார். கண்ணகை மாமி திரையருகே குனிந்தார். “மற்றதைக் கேள்,” என்றார் பிறகு, குரல் இறங்கி.

எழுநூற்று எண்பத்தாறு. வட்டம் சுற்றியது.

117.8.

பழைய கேள்வியையும் ஒரு தரம் தட்டிப் பார்த்தேன். அது அசையாமல் 96.4 என்றது.

“பொய்க்காரப் பெட்டி,” என்றார் மீராசாஹிப்.

“பொய் சொல்லல்ல,” என்றார் கண்ணகை மாமி. “நேத்தையச் சொல்லுது.” அவர் கதிரையில் போய் இருந்தார். ஒரே நிமிடத்தில் களைத்துப்போனவர்போல் இருந்தார். பிறகு தன் போனை எடுத்தார்.

“ஒப்பத் தாளைக் கொண்டா மகள், மாமி ஒப்பம் வெக்கட்டும்,” என்று மீராசாஹிப் என்னிடம் அவசரப்பட்டார்.

“பொறுங்க போடியார். முகத்துவாரத்தில எங்கட வலை நிக்கி. பொடியனுகள் தோணியில நிக்கிறானுகள். வெட்டினா இழுத்துக்கிட்டுப் போயிரும். அவனுகள் வலையத் தூக்கிக் கரைக்கு வந்தாத்தான் நான் பேனையத் தொடுவன்.”

“அதுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?”

“செல்லுற நேரம் செல்லும். உங்கட நெல்லு உசிருதான். அவனுகள்ற உசிர் என்ன வெங்காயமா?”

நீட்டிய கையை மீராசாஹிப் இழுத்துக்கொண்டார்.

கண்ணகை மாமி ஒவ்வொருவராக அழைத்தார். “மனே, வலையத் தூக்கு. ஓம், வெட்டப்போறாங்க. ஓம், நூத்திப்பதினேழு. நானே பாத்தன், என்ட கணக்கிலதான் கேட்டது. கதைக்காத, தூக்கு.” சிலர் ஏசினார்கள், அவர்கள் குரல் போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. “இறால் விரலளவும் இல்லையே, இப்ப வெட்டினா நாங்க எதைப் புடிக்கிற?” என்று ஒருவன் கேட்டான். “மண்ணைப் புடி,” என்று சொல்லி வைத்தார் மாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே என்னைப் பார்த்து, “என்ன பாக்கிறா? அவருக்கு அடிச்சிச் சொல்லு,” என்று அதட்டினார்.

நிதுர்ஷனுக்கு அழைத்தேன். நூற்றுப்பதினேழு என்றேன். வெட்டப்போகிறார்கள் என்றேன். “எப்ப?” என்றார். “வலை தூக்கினோடன.” அவர் தண்ணீருக்குள் எட்டு வைக்கிற சத்தம் கேட்டது. “சரி,” என்றார்.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. மீராசாஹிப் நடந்தார். நான் வாசலுக்குப் போனேன், வந்தேன். தேத்தண்ணி ஊற்றினேன், யாரும் குடிக்கவில்லை. கடைசித் தோணி கரை தட்டியதும் கண்ணகை மாமி பேனையைக் கேட்டார். ஒப்பம் வைத்தார். கீழே தன் கையாலேயே இன்னொரு வரி எழுதினார்: இரண்டு பக்கமும் வேறு வேறு இலக்கம் சேர்த்துக் கேட்டது, பதில் ஒன்று. “இதுக்கும் போடியார் ஒப்பம் வெக்கணும். நாளைக்கு எங்கட ஆக்கள் கேட்டா நான் காட்டணும்.” மீராசாஹிப் வைத்தார்.

பெக்கோ முதல் வாளி மண்ணை அள்ளியதாகச் செய்தி வந்தபோது மழை விட்டிருந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மாறி மாறி ஒரு இலக்கம் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 118.1. 118.1. மீராசாஹிப் தன் பேரப்பிள்ளைகளை எண்ணி ஒரு இலக்கம் சொன்னார். 118.0. “இறங்குது!” என்று கத்தினார். “தோணி போயிருக்கும்,” என்றார் கண்ணகை மாமி. “எங்கட தோணியெல்லாம் கரையிலதான்கா நிக்கி,” என்றார் மீராசாஹிப். மாமி அடுத்த இலக்கத்தைச் சொன்னார்.

117.9 வந்ததும் நான் கதிரையை அவர்கள் இருவரிடமும் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

விளாவடி வட்டை முழுக்க ஒரே தண்ணீர். மேல் வயல்களில் நெல்லின் நுனி தெரிந்தது. கீழே எங்களுடையதில் ஒன்றும் தெரியவில்லை. நிதுர்ஷன் இடுப்பளவு தண்ணீரில், வரம்பு இருக்கவேண்டிய இடத்தில் நின்றார். நான் கரையில் நின்று கூப்பிட்டேன். அவர் திரும்பாமல் கையைக் காட்டினார். தண்ணீரில் மிதந்த சருகுகள் மெல்ல, மிக மெல்ல, வாவிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

“வடியத் தொடங்கிட்டுது,” என்றேன்.

“வடியுது. உள்ள என்ன எண்டு பாக்கணும்.”

குனிந்து தோள்வரை கையை விட்டு ஒரு தண்டைப் பிடுங்கினார். நகத்தால் குடலையைக் கீறினார். உள்ளே இருந்தது பழுப்பாகி, தொட்டதும் குழைந்தது. முகர்ந்துபார்த்து எறிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது. அவர் மேல்பக்கமாக நாலைந்து எட்டு வைத்து இன்னொன்றைப் பிடுங்கினார். அதுவும் பழுப்பு.

“இன்னும் மேல போங்க,” என்றேன்.

போனார். பிடுங்கினார். கீறினார். இந்த முறை எறியவில்லை. இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்து என் பக்கம் நீட்டினார். கதிர் பச்சை கலந்த வெள்ளையாக, ஈரமாக, முழுசாகக் கிடந்தது.

“இது இருக்கு, சுலோ.”

“பக்கத்தில உள்ளதையும் பாருங்க,” என்றேன்.